சாம்பல் நிறச் சுவர்கள்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் ஒருவர் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் மாடி வீடு கட்டப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதிக்காக அவர் கொடுக்கும் பிளானில் எந்த நிறம் எதற்கு என்பதை அவரும் தீர்மானிக்க முடியாது, அவருடைய பொறியாளரும் தீர்மானிக்க முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதை அட்டவணை போட்டே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டுமானத்துக்குக் கறுப்பு. இடிக்கப்போவதன் மேல் மஞ்சள் சாய்கோடுகள். புதிதாக எழும்பப்போவதற்குச் சிவப்பு. கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு, குடிநீர்க் குழாய் மெல்லிய கறுப்புப் புள்ளிக்கோடு, எதிரே ஓடும் தெரு பச்சை. தாளை மேசைமேல் விரித்த மாத்திரத்தில் எது போகிறது, எது வருகிறது என்பது அதிகாரியின் கண்ணில் பட்டுவிடும்.

வீடு முடிந்து, பால் காய்ச்சிக் குடியேறிய நாளோடு அந்தச் சிவப்பின் வேலை முடிந்துவிடுகிறது. வரப்போவது என்று இனி அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் வந்தாயிற்று. பத்து வருடம் கழித்துச் சுவரில் ஈரம் பூக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறவருக்கு வேண்டியது வேறு. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது? அதை அடைக்கும் வால்வு எங்கே? சிவப்பு இதற்குப் பதில் சொல்லாது.

ஒரு வீட்டுக்கு இது பெரிய நஷ்டமில்லை. கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். மருத்துவமனை, கல்லூரி, துறைமுகம் என்று வரும்போது மேஸ்திரியின் நினைவு போதாது. நூற்றுக்கணக்கான அறைகள், ஆயிரக்கணக்கான விளக்குகள், பம்புகள், தீயணைப்புக் கருவிகள். எந்த அறை எந்தத் துறையிடம் இருக்கிறது, அதன் பரப்பளவு என்ன, அங்கிருக்கும் ஏ.சி. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்பதையெல்லாம் கணக்கு வைப்பதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. வசதி மேலாண்மை மென்பொருள் என்பார்கள். பாஸ்டனில் பிறந்த ஆர்க்கிபஸ் அவற்றில் மூத்த பெயர்களில் ஒன்று. இந்த மென்பொருளுக்குள் கட்டடத்தின் தளப்படம் வந்து உட்கார வேண்டும். கட்டடக் கலைஞர் தயாரித்த கணினி மாடலிலிருந்து அந்தப் படத்தைப் பிரித்தெடுத்து அனுப்பும் வேலையைத்தான் வெளியிடுதல் என்கிறார்கள். எந்த லேயர் (படத்தின் அடுக்கு) போக வேண்டும், எது தங்க வேண்டும், போவது என்ன நிறத்தில் போக வேண்டும் என்ற கேள்விகள் அந்த இடத்தில் எழுகின்றன.

நான் உறுதியாக நம்புவது இது: ஒரு பொருள் என்ன என்பதை வரைபடம் சொல்ல வேண்டும். அது இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தரவுத்தளம் சொல்ல வேண்டும். முதல் வேலைக்கு லேயர், இரண்டாவதற்கு நிறம். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டால் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த மாடல் சுவரில் மாட்டும் படமாகிவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2004-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கட்டடத் தகவல் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததால் அந்த நாட்டின் பெருங்கட்டடத் துறைக்கு 2002-ஆம் ஆண்டில் மட்டும் 1,580 கோடி டாலர் வீணானது என்றது அந்த அறிக்கை. அதில் ஏறத்தாழ 1,060 கோடி டாலரைச் சுமந்தவர்கள் கட்டட உரிமையாளர்களும் அதை நடத்துகிறவர்களும். வரைந்தவர்களின் பங்கும் கட்டியவர்களின் பங்கும் சிறியவை. தவறு முன்னால் நடக்கிறது, வலி பின்னால் வருகிறவருக்கு.

லேயர் என்பது கணினி கண்டுபிடித்ததல்ல. 1970-களில் பெரிய வரைவு அலுவலகங்களில் பாலியெஸ்டர் தாள்களின் மேல்விளிம்பில் துளையிட்டு, மேசையில் பதித்த ஊசிகளில் அவற்றை மாட்டி வரைந்தார்கள். சுவர்கள் ஒரு தாளில், மின்சாரம் இன்னொன்றில், குழாய்கள் மூன்றாவதில். ஊசிகள் இருப்பதால் தாள்கள் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். எலக்ட்ரீஷியனுக்குச் சுவர்த் தாளையும் மின்சாரத் தாளையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுத்தால் போதும். 1982-ல் வந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் இந்தத் தாள்களைத் திரைக்குள் கொண்டுபோயின.

திரைக்குள் போனபோது நிறத்துக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. அந்தக் காலத்துப் பிளாட்டர் ஒரு இயந்திரக் கை. தாங்கியில் வரிசையாகப் பேனாக்கள் நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு தடிமன். எந்தக் கோட்டை எந்தப் பேனாவால் போட வேண்டும் என்பதைப் பிளாட்டருக்குச் சொல்லப் பயன்பட்டது கோட்டின் நிற எண். ஆட்டோகேட்டில் 1 என்றால் சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 இளநீலம், 5 நீலம், 6 கருஞ்சிவப்புக் கலந்த ஊதா, 7 வெள்ளை. மொத்தம் 255 எண்கள். ஆக வரைவாளரின் திரையில் சிவப்பாகத் தெரிந்த கோடு புதிய கட்டுமானமும் இல்லை, ஆபத்தும் இல்லை. மெல்லிய பேனாவோ தடித்த பேனாவோ, அந்த அலுவலகம் வைத்துக்கொண்ட கணக்கு. பேனாப் பிளாட்டர்கள் காயலான் கடைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிறத்தைத் தடிமனாக மாற்றும் அட்டவணைக் கோப்பு மட்டும் இன்றும் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. அந்தக் கோப்பு கட்டடக் கலைஞரின் கணினியிலேயே தங்கிவிடும். வெறும் நிறங்கள் பராமரிப்பு அலுவலகத்துக்கு வந்து சேரும். அங்கே இருப்பவர் சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தீயணைப்புக் குழாய் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஏழாம் எண் தனிக் கதை. கறுப்புத் திரையில் அது வெள்ளையாகத் தெரியும், வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சாகும். பின்னணிக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் ஆட்டோகேட்டுக்குள் இருக்கும்வரைதான். வெளியிடும்போது அது அசல் வெள்ளையாகப் பதிவாகிவிட்டால், வெள்ளைப் பின்னணி கொண்ட உலாவியில் அந்தக் கோடுகள் காணாமல் போகும். கதவுகள் மிதக்கும், சுவர்கள் இருக்காது. கோப்பில் எல்லாம் பத்திரமாக இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

லேயர்களுக்கு அந்த அளவு குழப்பமான வரலாறு இல்லை. யாராவது உட்கார்ந்து பெயர் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் ஒரு முறையை வகுத்தது. முதல் எழுத்து எந்தத் துறை என்று சொல்லும், அடுத்த நான்கு எழுத்து என்ன பொருள் என்று சொல்லும். ஏ-வால் கட்டடக் கலைஞரின் சுவர், ஏ-டோர் கதவு, எஸ்-கோல்ஸ் கட்டமைப்புப் பொறியாளரின் தூண், ஈ-லைட் மின்விளக்கு. ஐ.எஸ்.ஓ. 13567 உலகத்துக்கு ஒரு பொது முறையைத் தந்தது. நம் ஊர் வரைவாளர்கள் பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூர், சி.பி. 83 என்ற பெயரில் தனக்கென்று ஒரு தரத்தை வகுத்துக்கொண்டது. எதைப் பின்பற்றினாலும் சரி, ஒன்றைப் பின்பற்ற வேண்டும். அவசரத்தில் ஒரு சுவரை, மென்பொருள் தானாகத் தரும் பூஜ்ய லேயரிலேயே வரைந்துவிட்டுப் போனால் திரையில் அது சுவராகத்தான் தெரியும். வெளியிடும் விதி 'ஏ-வால் லேயரை எடு' என்று சொல்லும்போது அந்தச் சுவர் பின்தங்கிவிடும்.

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேரும் ஆற்றின் தென்கரையில், சற்று மேலே போனால் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்து, கிடைத்த ஒவ்வொரு பானை ஓட்டோடும் அந்த எண்ணைச் சேர்த்துப் பதிவு செய்யும் முறையைக் கையாண்டார். இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு மண்பாண்டத் துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் உடன் கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தைச் சொல்ல முடிந்தது. அடுக்கு எண் தொலைந்த ஓடு அழகான ஓடாக இருக்கலாம், சாட்சியாக இருக்க முடியாது. லேயர் தொலைந்த கோட்டுக்கும் அதே கதிதான்.

இப்போது கட்டடங்கள் கோடுகளாக வரையப்படுவது குறைந்துவருகிறது. ரெவிட் போன்ற மென்பொருள்களில் சுவரைச் சுவராகவே வைக்கிறார்கள். அதற்குத் தடிமன், உயரம், செங்கல்லா கான்கிரீட்டா என்ற விவரம் எல்லாம் உண்டு. இந்த மென்பொருளுக்குள் லேயர் என்ற ஒன்றே கிடையாது. பொருள் வகைகள் மட்டுமே உண்டு: சுவர், கதவு, தூண், அறை, குழாய். நல்ல முன்னேற்றம்தான். பராமரிப்பு மென்பொருளோ பல இடங்களில் இன்னும் லேயர் மொழியில்தான் கேட்கிறது. ஆகவே ஏற்றுமதி செய்யும்போது எந்த வகை எந்த லேயருக்கு, எந்த நிற எண்ணோடு போக வேண்டும் என்று ஒரு பெயர்ப்பு அட்டவணை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க முறை, ஐ.எஸ்.ஓ. முறை, சிங்கப்பூர் முறை என ஆயத்த அட்டவணைகளும் கூடவே வருகின்றன.

அந்த ஏற்றுமதிப் பெட்டிக்குள் பலர் திறந்துகூடப் பார்க்காத ஒரு தேர்வு இருக்கிறது. மாடலில் வேலை செய்கிறவர்கள் தம் வசதிக்காகச் சில பொருள்களின் நிறத்தை மாற்றியிருப்பார்கள். இந்தச் சுவர் இன்னும் முடிவாகவில்லை, ஆரஞ்சில் இருக்கட்டும்; அந்தத் தூணைப் பொறியாளர் பார்க்க வேண்டும், ஊதாவில் காட்டு. இந்த மாற்றங்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ரெவிட் மூன்று வழி தருகிறது. பொது நிறத்தை லேயரில் வைத்து, மாற்றிய நிறத்தை அந்தந்தப் பொருளின் மேலேயே ஒட்டி அனுப்பலாம். மாற்றங்களை முற்றிலும் தள்ளிவிட்டு எல்லாம் லேயர் சொன்னபடி என்று அனுப்பலாம். அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு லேயரை உண்டாக்கி அனுப்பலாம். கட்டடக் கலைஞர் தன் சக பொறியாளருக்கு அனுப்பும்போது முதல் வழி உதவும். பராமரிப்பு மென்பொருளுக்கு இரண்டாவது வழியைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வழியில் ஒட்டிக்கொண்டு வரும் ஆரஞ்சை லேயர் அளவில் எதைச் செய்தும் நீக்க முடியாது. மூன்றாவது வழி, யாரும் எதிர்பாராத பெயர்களில் லேயர்களைப் பெருக்கிவிடும்.

லேயர் பெயர்கள் பெருகுவதற்கு இன்னொரு வாசலும் உண்டு. கட்டமைப்புப் பொறியாளரின் கோப்பை இணைத்து வைத்திருந்தால் அதன் லேயர்கள் கோப்புப் பெயரை முன்னால் ஏந்திக்கொண்டு வரும், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதை நிரந்தரமாக உள்ளே சேர்த்தால் செங்குத்துக் கோட்டின் இடத்தில் டாலர் குறி, பூஜ்யம், டாலர் குறி என்று மூன்று எழுத்து உட்காரும். எஸ்-கோல்ஸ் என்ற பெயரைத் தேடும் விதிக்கு இந்த நீண்ட பெயர் அந்நியம். தூண்கள் மொத்தமாகப் படத்திலிருந்து விழுந்துவிடும்.

இதெல்லாம் எதற்காக என்று பார்க்க, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை மனத்தில் வைத்து ஒரு கற்பனை வளாகத்தை எழுப்புவோம். ஏலக்கூடம், ஐஸ் கூடம், வலை பின்னும் கூடம், டீசல் கிடங்கு, அலுவலகம். எல்லாம் முகத்துவாரத்தின் ஓரம், உப்புக் காற்றுக்கு நேராக. உப்பின் குளோரைடு அயனிகள் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய், கம்பியைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உடைக்கின்றன. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதனால்தான் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கடல் நீர்த் திவலை படும் கட்டுமானத்துக்குக் கம்பியின் மேல் குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை வேண்டும் என்கிறது, அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75. சாதாரண உள்ளறைக்கு 20 போதும். இப்படிப்பட்ட வளாகத்தில் எந்தத் தூண் எந்த வகைக்குள் வருகிறது, எது எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பது உயிர்க்கேள்வி.

வெளியிடும்போது என்ன செய்ய வேண்டும்? அளவுக் கோடுகள், சாய்கோட்டு நிரப்பல்கள், குறிப்புகள், வரைபடச் சட்டகம் எதுவும் தேவையில்லை. கட்டுகிறவருக்கு அவை கண்கள், பராமரிக்கிறவருக்கு இடைஞ்சல். சுவர், தூண், கதவு, படிக்கட்டு போக வேண்டும். எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில் போக வேண்டும். இதைச் சொல்லும்போது கட்டடக் கலைஞர்கள் முகம் சுளிப்பதுண்டு, தாங்கள் பார்த்துப் பார்த்து வைத்த நிறமெல்லாம் போகிறதே என்று. போகட்டும். சுவர்கள் பின்னணியாகப் பின்வாங்கினால்தான் மேலே வரப்போகும் நிறம் பேசும்.

அறைகளுக்கு நிறமே கூடாது. ஒவ்வொரு அறையும் ஒரு மூடிய எல்லைக் கோடாக, தனி லேயரில், தன் அடையாளத்தோடு போக வேண்டும்: எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த எண். எல்லை ஓரிடத்தில் கால் அங்குலம் திறந்திருந்தாலும் பரப்பளவு கணக்கில் வராது, நிறம் நிரம்பாது. சுவரின் உள்முகத்தை ஒட்டிய அறை எல்லையும், கட்டடத்தின் வெளிமுகத்தை ஒட்டிய மொத்தப் பரப்பின் எல்லையும் வெவ்வேறு லேயரில் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் வாடகைக் கணக்கு தப்பிவிடும்.

உலாவியில் திறக்கும்போது படம் பெரும்பாலும் எஸ்.வி.ஜி. என்ற வடிவத்தில் இருக்கும். இது படம்தான், ஆனால் உள்ளே எழுத்தாக எழுதப்பட்ட படம். ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறம் மாற்றலாம். 'ஏலக்கூடம், முதல் அறை' என்பதைத் தரவுத்தளம் கூப்பிட்டு, அங்கே பழுதுப் புகார் நிலுவையில் இருக்கிறது என்று ஆரஞ்சு பூசும். மறுநாள் பழுது தீர்ந்ததும் ஆரஞ்சு போய்விடும், கோப்பை யாரும் தொட வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்.வி.ஜி.யில் ஒரு வடிவத்தின் நிறத்தை இரண்டு விதமாக எழுதலாம். வெறும் பண்பாக எழுதினால், வெளியே இருக்கும் நிற விதி அதை எளிதில் வென்றுவிடும். வடிவத்தின் சொந்தப் பாணியாக உள்ளேயே எழுதிவிட்டால், வெளிவிதி தோற்றுப்போகும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் அறை நிறம் மாறும், இரண்டாவதில் தரவுத்தளம் தொண்டை கிழியக் கத்தினாலும் மாறாது. நிறம் மாறவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

சரி, தரவிலிருந்து நிறம் என்றாகிவிட்டது. எத்தனை நிறம்? இங்கே கணிதம் குறுக்கே வருகிறது, அழகாக வருகிறது. தளத்தில் எந்த வரைபடத்தையும், எல்லை பகிரும் இரண்டு பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி, நான்கே நிறங்களால் தீட்டலாம். 1852-ல் பிரான்சிஸ் கத்ரி எழுப்பிய கேள்வி இது. 1976-ல் ஆப்பெலும் ஹாக்கனும் கணினியின் துணையோடு நிறுவினார்கள். அறைகள் எத்தனை இருந்தாலும் நான்கு போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நாம் பிரித்துக்காட்ட விரும்புவது அறைகளை மட்டும் இல்லையே, துறைகளை. மீன்வளத் துறைக்குக் கிழக்கு மூலையில் ஒரு தொகுதி அறைகள், மேற்குப் பக்கம் இன்னொரு தொகுதி. இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனை வந்தவுடன் நான்கு நிறம் போதாது. 1890-லேயே பெர்சி ஜான் ஹீவுட் இதை ஆராய்ந்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் அதிகபட்சம் இரண்டு துண்டுகள் இருக்கலாம் என்றால் 12 நிறங்கள் எப்போதும் போதும், சில வரைபடங்களுக்கு 12-ம் தேவைப்படும் என்று காட்டினார். மூன்று துண்டுகள் என்றால் 18.

கண்ணோ 12-க்கு மேல் தாங்காது. வரைபட நிறங்களை ஆராய்ந்த அமெரிக்கப் புவியியலாளர் சிந்தியா புரூவர் உருவாக்கிய நிறத் தொகுப்புகளில், தனித்தனி வகைகளைப் பிரித்துக்காட்டும் பட்டியல் 12 நிறங்களோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனால் இது அந்தப் பச்சையா, இந்தப் பச்சையா என்று விளக்கப் பட்டிக்கும் படத்துக்கும் இடையே கண் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களில்தான் இது அதிகம். 'வேலை முடிந்தது பச்சை, முடியாதது சிவப்பு' என்ற ஏற்பாடு அவர்களைக் கைவிடுகிறது. நிறத்தோடு ஒரு குறியீடோ எழுத்தோ சேரவேண்டும். அதைத் தாங்கும் எழுத்து லேயரையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

அளவு, வரிசை போன்றவற்றைக் காட்டவும் பலர் வெவ்வேறு நிறங்களைத் தேடுகிறார்கள். பிரெஞ்சு வரைபட வல்லுநர் ஜாக் பெர்த்தன் 1967-ல் வெளியிட்ட பெரிய நூலில் இதைத் தெளிவாக்கிவிட்டார். நீலம் பெரிதா, மஞ்சள் பெரிதா என்று கண்ணுக்குத் தெரியாது. அடர்த்தி கூடுவது, குறைவது கண்ணுக்குத் தெரியும். கடைசியாகப் பரிசோதித்து எத்தனை மாதம் ஆகிறது என்பதைக் காட்ட வேண்டுமானால், ஒரே நிறத்தின் வெளிறிய சாயலிலிருந்து அடர்ந்த சாயல் வரை போவதே வழி.

தரவு நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கைக்குப் புதுச்சேரியிலேயே ஒரு முன்னோடி உண்டு. புனித லூயி வீதியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், 1960-களின் தொடக்கத்திலிருந்து பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் இந்தியாவின் தாவர வரைபடங்களை வெளியிட்டது. அதற்கு அடித்தளம் துலூஸ் நகரத்துத் தாவரவியலாளர் ஹென்றி கௌசன் வகுத்த முறை. காடு என்றால் பச்சை என்று அவர் விட்டுவிடவில்லை. ஈரத்துக்கு நீலப் பக்கம், வறட்சிக்கு மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் என்று சூழல் நிலையை நிறமாக்கினார். எது வறட்சி என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. ஒரு மாதத்தின் மழை மில்லிமீட்டரில், அந்த மாதத்தின் சராசரி வெப்பத்தைப்போல இரு மடங்குக்குக் கீழே இருந்தால் அது வறண்ட மாதம். 30 டிகிரி வெப்பம் நிலவும் மாதத்தில் 60 மில்லிமீட்டர் கூடப் பெய்யவில்லை என்றால் வறட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவும் அதன் கிழக்கே உள்ள வறண்ட சமவெளியும் அந்தத் தாளில் பார்த்தவுடன் பிரிந்து நிற்பதற்குக் காரணம், வரைந்தவரின் ரசனைக்கு முன்னால் ஒரு எண் நின்றதுதான். அச்சுத் தாளில் நிறத்தை மாற்ற முடியாது, மழை மாறினால் புதுத் தாள் அச்சிட வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும் நிறத்தைக் கோப்பிலேயே உறையவைத்து அனுப்புகிறோம்.

என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் மனதாரச் சொல்கிறேன். பொருளின் மேலேயே பூசப்பட்டிருக்கும் நிறம் வரைபடத்தோடு போகத்தான் வேண்டும். ஐ.எஸ். 2379 தொழிற்கூடக் குழாய்களுக்கு நிறம் வகுத்திருக்கிறது. தண்ணீருக்குக் கடற்பச்சை, அழுத்தக் காற்றுக்கு வானநீலம், தீயணைப்புக்குச் சிவப்பு, எண்ணெய்க்கு வெளிர் பழுப்பு. ஐஸ் கூடத்தில் நள்ளிரவில் குழாய் வெடித்தால், கைப்பேசியில் படத்தைத் திறக்கும் ஊழியர் எதிரில் நிற்கும் கடற்பச்சைக் குழாயைப் படத்திலும் கடற்பச்சையாகவே காண வேண்டும். மின்சாரத்தின் மூன்று ஃபேஸ்களுக்கு நம் எலக்ட்ரீஷியன்கள் பழகிய சிவப்பு, மஞ்சள், நீலமும் அப்படித்தான். இந்த நிறங்கள் நிலையைச் சொல்லவில்லை, அடையாளத்தைச் சொல்கின்றன. ஆகவே இவை லேயரோடு ஒட்டிப் போகலாம். ஆனால் அந்தக் குழாய் லேயர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. கேட்டால் வர வேண்டும், வேண்டாம் என்றால் அணைய வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் நிறமும் புகாரின் நிறமும் ஒரே திரையில் மோதிக்கொள்ளும். புகார்களுக்குச் சிவப்பை விட்டு ஆரஞ்சை ஒதுக்கியதும் அதற்காகத்தான்.

வெளியிடுவது ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் பழுது பார்க்கப்படும் அந்த நாள்களில்தான் துறைமுகக் கட்டடங்களிலும் தடுப்பு மாற்றுவது, தரை போடுவது, ஒயரிங் புதுப்பிப்பது போன்ற வேலைகள் நடக்க இடம் கிடைக்கும். ஒவ்வொரு மாற்றமும் முதலில் மாடலுக்குள் போக வேண்டும். பிறகு அந்தத் தளம் மட்டும் மறுபடி வெளியிடப்பட வேண்டும். வெளியிடுவதற்கு முன்னால் இந்தக் கோப்பின் லேயர் பட்டியலையும் போன முறை வெளியிட்ட கோப்பின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும், பெரும்பாலான விபத்துகள் அங்கேயே பிடிபடும். புதிய பெயர் ஒன்று முளைத்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பழைய பெயர் ஒன்று காணாமல் போயிருந்தால் அதில் இருந்த பொருள்கள் எங்கே போயின என்று பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டைச் செய்கிறவர் ஒருவராகவே இருப்பது நல்லது. அவர் கட்டடக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை. ஜூன் 15 காலையில் ஏலக்கூடத்தின் புகார்களை வாங்கப்போகும் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தால் இன்னும் நல்லது.